வயிற்றுக்கு மட்டும் தெரிந்தது

மார்ச் 4, திங்கள்

டாக்டரம்மா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். என்ன சாப்பிட்டேன், எப்போது வயிறு போனது, அன்றைக்கு எங்கே டியூட்டி. இவ்வளவு போதுமாம். யாழினி தன் பழைய இயற்பியல் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களைக் கொடுத்தாள்.

காலை: நான்கு இட்லி, தக்காளிச் சட்னி. மூன்று முறை போனேன். வீட்டில் ஒரே கழிவறை. யாழினிக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நடக்கிறது. கதவுக்கு வெளியே நின்று, "அப்பா, எனக்கு எட்டரைக்கு பஸ்ஸு" என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

நான் சரக்கு ரயில் ஓட்டுகிறவன். ஈரோடு டிப்போ. இன்ஜினில் கழிவறை கிடையாது என்று சொன்னபோது டாக்டரம்மா நம்பவில்லை.

"அப்போ என்னதான் பண்ணுவீங்க குழந்தைவேல்?"

"அடக்குவோம் மேடம்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். டாக்டர் மெஹருன்னிசா குடல் நோய்களுக்கென்றே படித்தவர். ஆபீசுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் வெளியே இவரிடம் போனேன். வயிற்றுப்போக்கு இருக்கிறவனை இன்ஜினில் ஏற்ற யோசிப்பார்கள்.

மார்ச் 6, புதன்

காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. ஜோலார்பேட்டை டியூட்டி. காலிப் பெட்டிகள். சேலம் வரை சுகமாக வந்தேன். மொரப்பூர் தாண்டி அந்த வளைவு வந்தபோது வயிற்றைப் பிசைந்தது. வெறும் வயிறு, இருந்தும் பிசைகிறது. ஜோலார்பேட்டை வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். டிரைவர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினேன்.

புது அசிஸ்டென்ட் கூட வந்தான். எஸ்தர் இன்னும் லீவில் இருக்கிறாள். தங்கைக்குக் கல்யாணம் என்று ஆபீசில் சொன்னார்கள். ஒரு வருஷமாக என்னோடு ஓடியவள். சிக்னலைப் பார்த்ததும் கணீரென்று சொல்வாள். இந்தப் பையன் முணுமுணுக்கிறான்.

மார்ச் 8, வெள்ளி

கரூர் டியூட்டி. மனைவி பூங்கொடி கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை எடுக்காமல் வந்துவிட்டேன். கரூரில் பரோட்டா, கோழிக் குழம்பு. இன்று செத்தேன் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து பூங்கொடியிடம் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டாள். "நான் காரமே போடாம மூணு வாரமா சமைக்கறேன். நீங்க பரோட்டா தின்னுபோட்டு வந்து நல்லா இருக்குதுங்கறீங்க."

மார்ச் 9, சனி

குடலுக்குள் கேமரா விட்டு எடுத்த ரிப்போர்ட் வந்தது. ரத்தம், மலம், எல்லாப் பரிசோதனையும் நார்மல். பூங்கொடி கைகூப்பிக் கும்பிட்டாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. நார்மலாக இருக்கிறவன் எதற்கு ஒரு நாளைக்கு ஏழு தடவை ஓட வேண்டும்?

டாக்டரம்மா நான் எழுதியதை வாங்கிப் பார்க்கவில்லை. படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன்.

"ஜோலார்பேட்டை போனா வருது. கரூர் போனா வரலை. அந்த லைன்ல என்ன இருக்கு?"

"எல்லா லைனும் ஒண்ணுதாங்க மேடம்."

"எப்போ ஆரம்பிச்சுது இது?"

"பிப்ரவரி நடுவுல."

"அதுக்கு முன்னாடி ஏதாவது நடந்துச்சா? வீட்ல, வேலையில?"

"ஒண்ணுமில்லீங்க."

பூங்கொடி இடையில் புகுந்தாள். "ஒரு மாடு அடிபட்டுதுங்க மேடம், பிப்ரவரியில. அன்னிக்கு வீட்டுக்கு வந்து சொன்னாரு."

"மாடுதான்" என்றேன். "அது அடிக்கடி நடக்கறது."

மார்ச் 11, திங்கள்

ஓய்வு. மாதுளை ஓட்டைக் காயவைத்துப் பொடி பண்ணி மோரில் கலக்கிக் கொடுத்தாள் பூங்கொடி. சுண்டைக்காய் வத்தல். வாழைப்பூ. தண்ணீர்க் குழாய் ஒழுகியது, வாஷர் மாற்றினேன். யாழினிக்கு வேதியியல் பரீட்சை. நன்றாக எழுதினாளாம்.

மார்ச் 13, புதன்

இன்று எழுத ஒன்றுமில்லை. ஜோலார்பேட்டை டியூட்டி. மொரப்பூருக்கு முன்னால் வண்டியை ஒதுக்கி நிறுத்தும் லூப் லைனில் போடச் சொல்லி வாக்கிடாக்கியில் கேட்டேன். பின்னால் எக்ஸ்பிரஸ் வருகிறது, நிற்காமல் போங்கள் என்றார்கள். போனேன். புதுப் பையன் வெகுநேரம் அவன் பக்கத்து ஜன்னல் வழியாகவே வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். நல்ல பையன்.

ரன்னிங் ரூமில் பேண்ட்டைத் துவைத்துப் போட்டேன். வெயில் கடுமை. சீக்கிரம் காய்ந்துவிட்டது.

மார்ச் 14, வியாழன்

தூங்கினேன்.

மார்ச் 16, சனி

தனியாகவே டாக்டரம்மாவிடம் போனேன். பூங்கொடியை வர வேண்டாம் என்றேன். புதன்கிழமை நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "ஒரு நாள் முடியலீங்க மேடம்" என்றேன். அவர் புரிந்துகொண்டார்.

ஒரு வெள்ளைத் தாளில் குடல் சுவரை வரைந்து காட்டினார்.

"உங்க குடல் சுவருக்குள்ள கோடிக்கணக்குல நரம்பு செல் இருக்கு. மூளை உத்தரவு போடணும்னு அதுங்க காத்திருக்கறதில்லை. தானா வேலை பார்க்கும். செரட்டோனின் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"கேட்டவங்களும் அது மூளையில இருக்கற சமாச்சாரம்னுதான் நினைப்பாங்க. உடம்புல இருக்கறதுல பெரும்பங்கு குடல்லதான் இருக்கு. சாப்பாடு வந்து சுவரை அழுத்துச்சுன்னா அங்க இருக்கற சில செல் இதை வெளிய விடும். பக்கத்துல நரம்போட நுனி இருக்கு. அதுல செரட்டோனினுக்குன்னே ரிசப்டர் இருக்கு. செரட்டோனின் போய் ஒட்டினதும் அது வாயைத் திறக்கும். உப்புல இருக்குற சோடியம் மாதிரி துகளெல்லாம் உள்ள பாயும். உடனே அந்த நரம்பு செல் விழிச்சுக்கும். செய்தி கிளம்பிடும். அப்புறம் தசை தள்ளும், தண்ணி சுரக்கும்."

"நான்தான் சாப்பிடவே இல்லீங்களே. வெறும் வயிறு."

"சாப்பாடு மட்டும் காரணம் இல்லை. அதிர்ச்சி, பயம், இதுக்கெல்லாமும் குடல் அப்படி நடந்துக்கும். சிலருக்கு அந்த நரம்புங்க ரொம்ப கூர்மையாயிடும். ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் கிளம்பும்."

அப்புறம் ஃபோனில் ஒரு படம் காட்டினார். மனிதக் குடலின் சின்னத் துண்டாம். ஆபரேஷனில் வெட்டி எடுத்தது, நோயாளி சம்மதம் கொடுத்து வாங்கினதாம். நரம்பு செல்லுக்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள். சாம்பல் நிறத்தில் குண்டு குண்டாக, கும்பலாக இருந்தது. ஒரு மெல்லிய குழாயிலிருந்து செரட்டோனின் துளி பட்டதும் சில செல்கள் பளிச் பளிச்சென்று மின்னின. எல்லாம் இல்லை. சிலதுதான். மற்றவை சும்மா இருந்தன.

"இது உடம்பை விட்டு வெளிய வந்தாச்சுங்களா?"

"ஆமா. வெட்டி எடுத்தாச்சு."

"அப்புறமும் இதுக்குத் தெரியுதுங்களா?"

"சரியான திரவத்துல வச்சிருந்தா சில மணி நேரம் தெரியும்."

அதற்குமேல் அந்தப் படத்தைப் பார்க்க முடியவில்லை. ஃபோன் வந்தது போல எழுந்து வெளியே போய் நின்றேன். வராண்டாவில் ஒரு அம்மாள் குழந்தைக்கு பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போனேன்.

ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். ஒண்டான்செட்ரான் என்று பெயர். வாந்திக்குக் கொடுப்பதாம். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிறவர்களுக்கு அதிகம் கொடுப்பார்களாம். என்னைப் போன்றவர்களுக்கும் உதவுகிறதாம்.

"எனக்கு வாந்தி இல்லீங்களே மேடம்."

"அந்த ரிசப்டர் ரெண்டுக்கும் பொது. இந்த மாத்திரை முன்னாடியே போய் அந்த இடத்தைப் பிடிச்சுக்கும். செரட்டோனின் வந்தாலும் நரம்பு கிளம்பாது. ஆனா ஒண்ணு, அது ஏன் கிளம்புதுன்னு மாத்திரைக்குத் தெரியாது. அதை நீங்கதான் சொல்லணும்."

"தூக்கம் வருங்களா? வண்டி ஓட்டணும்."

"வராது. இருந்தாலும் முதல்ல ஓய்வு நாள்ல போட்டுப் பாருங்க. மலம் ரொம்பக் கட்டிச்சுன்னா சொல்லுங்க."

நான் எழும்போது, "அந்த மாடு" என்றார். "கறுப்பா, வெள்ளையா?"

கவனிக்கவில்லை மேடம் என்றேன்.

மார்ச் 19, செவ்வாய்

மாத்திரை கேட்கிறது. நேற்று ஒரே தடவை. யாழினி சிரித்துக்கொண்டே, "இன்னிக்கு நான் நேரத்துக்குப் போவேன்" என்றாள்.

இன்று ஜோலார்பேட்டை. இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறினேன். வளைவு வந்தது. வயிறு அமைதியாக இருந்தது. ஆனால் கை நடுங்கியது. வியர்வையில் பிரேக் பிடி வழுக்கியது. லைனில் யாருமே இல்லை. நான் பாட்டுக்கு ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். புதுப் பையன் என் தோளைத் தொட்டு, "சார், போதும் சார், தாண்டியாச்சு" என்றான்.

வயிறு இத்தனை நாள் இதை மறைத்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது.

மார்ச் 20, புதன்

மாடு என்று வீட்டில் சொன்னேன். டாக்டரம்மாவிடமும் சொன்னேன். நடந்ததை இங்கே எழுதாமல் விட்டேன். மாடு சட்டை போடாது.

நீலச் சட்டை. வெள்ளை வேட்டி. என் வயதுதான் இருக்கும். முழுச் சுமையோடு வந்துகொண்டிருந்தேன். வளைவு திரும்பியதும் தண்டவாளத்துக்கு நடுவில் நின்றார். ஹாரன் அடித்தேன். எமர்ஜென்சி பிரேக் போட்டேன். சுமை ஏற்றிய சரக்கு வண்டி பிரேக் போட்ட இடத்தில் நிற்காது. அது தெரிந்துதான் அவர் வந்திருந்தார். ஓடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். இன்ஜினை இல்லை. என்னை.

வண்டி நின்றதும் கடைசிப் பெட்டியில் இருந்த கார்டு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத் தகவல் சொன்னார். அடுத்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். லூப் லைனில் போட்டார்கள். கை கழுவிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்குப் பொரியல். எஸ்தர் கொண்டுவந்திருக்கவில்லை. பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தேன். "சாப்பிடும்மா, அப்புறம் நேரம் கிடைக்காது." இரண்டு பேரும் சாப்பிட்டோம். நல்ல பசி. சாதம் நன்றாக இருந்தது.

அதுதான். சாப்பாடு நன்றாக இருந்தது.

மார்ச் 23, சனி

ஜோலார்பேட்டையில் இறங்கியதும் எஸ்தர் வீட்டை விசாரித்துப் போனேன். தங்கை கல்யாணத்துக்குச் சொல்லவே இல்லையே என்று கேட்பதாக மனதுக்குள் சொல்லிக்கொண்டு போனேன். அவள் அம்மா கதவைத் திறந்தார். எஸ்தர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா. தங்கச்சி கல்யாணம்னாங்க."

"எனக்குத் தங்கச்சியே இல்ல சார்."

அவள் அம்மா காபி போட உள்ளே போனார். பக்கத்து ஸ்டூலில் தண்ணீர் பாட்டில், அதன் அடியில் ஒரு மாத்திரை அட்டை. எழுத்தைப் படித்ததும் என் சட்டைப்பையிலிருந்து என் அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். ஒரே மாத்திரை. எஸ்தர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களுக்கும் வாந்தியா சார்?"

"எனக்குப் பின்னால போகுது. உனக்கு?"

"சோத்தைப் பாத்தாலே வருது. வாசனை வந்தாலே குடல் மேல ஏறி வருது. பிரெட்டும் பாலும்தான் ஓடுது. டாக்டர் அல்சர்ன்னாரு. அப்புறம் அது இல்லன்னாரு."

"அன்னிக்கு நடந்ததைச் சொன்னியா அவர்கிட்ட?"

"இல்ல. நீங்க?"

"மாடுன்னு சொன்னேன்."

சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அழுதாள். சத்தமில்லாமல் வெகுநேரம் அழுதாள். அம்மா காபியோடு வந்து, பார்த்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"நான் கண்ணை மூடிக்கிட்டேன் சார். நான் அசிஸ்டென்ட், லைனைப் பாக்க வேண்டியவ. மூடிக்கிட்டேன். நீங்க மூடல. அதுக்குத்தான் என்மேல கோவமா இருக்கீங்க, ஒரு ஃபோன்கூடப் பண்ணலன்னு நெனச்சேன்."

"கோவமெல்லாம் இல்ல எஸ்தர். மூடியிருக்கலாமேன்னு எனக்கு இருக்கு. மூடாம நான் என்ன பண்ணிட்டேன்? பிரேக் ஏற்கெனவே போட்டாச்சு. பாக்கறதுக்கு மட்டும்தான் கண்ணைத் திறந்து வச்சிருந்தேன்."

"உங்களைப் பாத்தாரா?"

"பாத்தாரு."

"நம்ம ரெண்டு பேரும் சாப்பிட்டோம்ல சார்" என்றாள். நான் ஆமாம் என்றேன்.

காபி ஆறிப்போயிருந்தது. குடித்தேன். அவர் பெயர் என்ன என்று தெரியுமா என்று வாசலில் நின்று கேட்டாள். தெரியாது. அவளுக்கும் தெரியாது. போலீசில் கேட்கலாமா என்று யோசித்தாளாம், பயமாக இருந்ததாம். எனக்கும் பயம்தான் என்று சொன்னேன்.

மார்ச் 24, ஞாயிறு

பூங்கொடியிடம் சொன்னேன். காலையில், அவள் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும்போது. உட்கார வைத்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன், அப்படி வரவில்லை. "அது மாடு இல்ல" என்று ஆரம்பித்துவிட்டேன்.

முழுவதையும் கேட்டாள். அடுப்பை அணைத்தாள். "அவருக்கு என்ன வயசிருக்குமுங்க?"

"என் வயசு."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். இந்த ஒன்றரை மாதத்தில் நானும் சில தடவை நினைத்ததுதான். அதை எழுத மாட்டேன்.

"ஏனுங்க, அந்த மாதிரி நெனப்பு ஏதாச்சும் உங்களுக்கு?"

"சே, இல்ல."

"இருந்தாச் சொல்லோணும்."

"சரி."

"சரின்னா?"

"இருந்துது. ரெண்டு மூணு தடவை. இப்ப இல்ல. டாக்டர்கிட்டயும் சொல்றேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாவுக் கை. யாழினி எழுந்து வந்து, "என்னாச்சு?" என்றாள். அப்பாவுக்கு வயிறு என்றாள் பூங்கொடி. அப்புறம் அவளே, "இல்ல கண்ணு, வயிறு மட்டும் இல்ல. பரீட்சைதான் முடிஞ்சுதே, உக்காரு, சொல்றோம்" என்றாள்.

சாயங்காலம் கேட்டாள், எலுமிச்சை சாதம் இனிமேல் செய்யட்டுமா வேண்டாமா என்று. தெரியவில்லை என்றேன்.

மார்ச் 27, புதன்

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதாததையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. உடனே ஒரு மனநல டாக்டருக்கு ஃபோன் போட்டு எனக்கு நேரம் வாங்கினார்.

"அப்போ என் குடல்ல ஒண்ணுமே இல்லீங்களா? எல்லாம் மனசுதானா?"

"யாரு சொன்னா? உங்க குடல்ல நரம்பு செல் நிஜமாவே கிளம்பிச்சு. நீங்க நடிக்கலை. குடலும் நடிக்கலை. மனசு வேற, குடல் வேறன்னு பிரிச்சுப் பேசறது நம்ம வசதிக்கு. மாத்திரையும் போடுங்க, அவர்கிட்டயும் பேசுங்க."

டிப்போவிலும் என் நிலைமையைச் சொல்லிவிட்டேன். சீஃப் இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டு, தான் வண்டி ஓட்டிய காலத்தில் மூன்று பேர் அடிபட்டார்கள் என்றார். அதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். என்னைக் கொஞ்ச நாள் இன்ஜின் ஷெட் வேலைக்கு மாற்றினார். எஸ்தரைப் பற்றியும் பேசினேன்.

ஏப்ரல் 3, புதன்

ஷெட்டில் வேலை. கழிவறை முப்பதடி தூரத்தில். ராஜபோகம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மனநல டாக்டர் அதிகம் பேசுவதில்லை. நான்தான் பேசுகிறேன். அந்த மனிதர் என்னைப் பார்த்தார் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். இன்று டாக்டர் கேட்டார்: "அவர் பார்த்த கடைசி மனுஷன் நீங்க. அவரைக் காப்பாத்தறதுக்காக பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு இருந்த மனுஷன். அதுவும் அவருக்குத் தெரிஞ்சிருக்கும், இல்லையா?" தெரியாது என்றேன். தெரியாதுதான். ஆனால் பஸ்ஸில் வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மலம் கட்டிவிட்டது. மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னார் டாக்டரம்மா.

ஏப்ரல் 22, திங்கள்

திரும்ப வண்டி ஏறினேன். அசிஸ்டென்ட் எஸ்தர். அவளே கேட்டு வாங்கினாளாம். இன்னும் இளைப்புதான். சிக்னலைச் சொல்லும்போது குரல் மட்டும் பழையபடி.

மொரப்பூர் வருவதற்கு முன்னால் அவளிடம் சொன்னேன்: "எனக்கு இங்க வயிறு கிளம்பும். கையும் நடுங்கும். பாத்துக்கோ."

"சரி சார். எனக்குக் குமட்டினா ஜன்னல் பக்கம் போயிடுவேன். நீங்க பாத்துக்குங்க."

வளைவில் எனக்குப் பிசைந்தது. முன்பு போல இல்லை, ஆனாலும் பிசைந்தது. லைன் காலியாக இருந்தது. ஹாரன் ஒருமுறை அடித்தேன், விதிப்படி. எஸ்தர் முன்னால் பார்த்துக்கொண்டே, "தாண்டியாச்சு" என்றாள். நானும் "தாண்டியாச்சு" என்றேன்.

அடுத்த ஸ்டேஷனில் கேட்காமலே லூப்பில் போட்டார்கள். எக்ஸ்பிரஸ் வருகிறதாம். வண்டியை எஸ்தரிடம் விட்டுவிட்டு ஸ்டேஷன் கழிவறைக்கு ஓடினேன். வெட்கமில்லை. ஸ்டேஷன் மாஸ்டரிடமே சொல்லிவிட்டு ஓடினேன்.

திரும்பி வரும்போது எஸ்தர் இன்ஜின் படியில் நின்று, கைநீட்டி எதையோ காட்டினாள். பிளாட்பாரத்தில் கூடைக்காரம்மா ஒருத்தி மெதுவடை விற்றுக்கொண்டிருந்தாள்.

"என்ன எஸ்தர்?"

அவள் முகத்தில் ஒரு குழப்பம். தனக்கு என்ன நடக்கிறது என்று தனக்கே தெரியாத மாதிரி வயிற்றில் கை வைத்திருந்தாள்.

"சார், எனக்குப் பசிக்குது சார்."

நாலு வடை வாங்கினேன். எக்ஸ்பிரஸ் எங்களைத் தாண்டி ஓடி முடிவதற்குள் மூன்றை அவள் தின்றுவிட்டாள்.